சோலைக்கிளியும் காட்டுக் கணக்கும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடைக்குச் செல்லும் சாலை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் ஊடே செல்கிறது. 2003-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1.32 சதுர கிலோமீட்டர்தான். அந்திப்பொழுதில் மேகம் இறங்கி, மற்றப் பறவைகள் அடங்கிவிட்ட பிறகு, சாலையோரச் சோலையின் அடித்தளத்திலிருந்து நீண்ட, இனிய சீழ்க்கையொலி கேட்கும். பாடுவது யார் என்று தேடினால் எளிதில் தெரியாது. சிட்டுக்குருவியளவே உள்ள சோலைக்கிளி, உதிர்ந்த இலைகளுக்கிடையே, இருண்ட தரையில் நின்றுகொண்டிருக்கும்.

பொருளாதார வளர்ச்சியைப் பற்றிய இதழில் இச்சிறு பறவைக்கு என்ன இடம் என்ற வினா எழலாம். நமது காட்டுப் புள்ளிவிவரங்கள் மேலிருந்து எடுக்கப்படுபவை; மரங்களின் தலைகளை எண்ணுபவை. சோலைக்கிளியோ காட்டின் தரையில் வாழ்வது. மேலிருந்து பார்க்கும்போது மாறாமல் தோன்றும் காடு, கீழே எந்த அளவு மாறிவிட்டது என்பதை அது காட்டிவிடுகிறது. கணக்கில் விடுபட்ட ஒரு பத்தியை நமக்கு நினைவூட்டும் பறவை என இதனைக் கூறலாம்.

பறவையும் அதன் வாழ்வும்

வெப்பமண்டல ஆசியக் காடுகளில் தரையில் இரை தேடும் பாடும் பறவைகள் பல உள்ளன. ஆறுமணிக் குருவி, செந்தலைப் பூங்குருவி, புள்ளிச் சிலம்பன் ஆகியவை நம் நாட்டினர் ஓரளவு அறிந்தவை. இவற்றுள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளுக்கே உரியது சோலைக்கிளி. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கும் கிளி இனத்திற்கும் தொடர்பில்லை. மலையாளத்தில் 'கிளி' என்னும் சொல் சிறு பறவைகளுக்கெல்லாம் பொதுப்பெயராக வழங்குகிறது. 'சோலை', 'கிளி' என்னும் இரு சொற்களும் சேர்ந்து இப்பெயர் அமைந்தது.

தென்பகுதியில் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ளது. மேலுடலும் மார்பும் கருநீலமாகவும், வயிற்றின் நடுப்பகுதி வெண்மையாகவும் இருக்கும். கண்ணுக்கு மேல் சிறிய வெளிர் புருவம் உண்டு. பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஈரம் குறையாத சோலைகளில் இது வாழ்கிறது. மட்கும் இலைகளுக்கு இடையேயும் தாழ்ந்த புதர்களிலும் உள்ள பூச்சிகளே இதன் முக்கிய உணவு. மரப்பொந்திலோ, ஓடைக்கரைக் குழியிலோ பாசியைக் கொண்டு கூடமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும்.

இவ்வாழ்க்கைமுறைக்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் இலைமட்குப் படுகை. இரண்டாவது, மறைவிடமாக உதவும் அடிக்காடு. மூன்றாவது, ஒரு சோலையிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்லக்கூடிய அண்மை. திறந்த வெளியில் நெடுந்தொலைவு பறக்கும் இயல்பு இதற்கு இல்லை. இத்தகைய பறவைகள் காடு துண்டாகும்போது முதலில் குறைகின்றன என்பது உலக அனுபவம். பிரேசில் நாட்டில் மனாஸ் நகருக்கு அருகே 1979-இல் தொடங்கிய நீண்டகால ஆய்விலும், துண்டுபட்ட காட்டில் அடிக்காட்டுப் பூச்சியுண்ணிகளே பெரிதும் பாதிக்கப்பட்டமை தெரியவந்தது.

கணவாயின் இரு கரைகள்

மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலத்திற்குத் தாழ்ந்து வழிவிடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். வணிகருக்கும், இருப்புப்பாதைக்கும், இரு மாநிலங்களின் மக்களுக்கும் இது வாயிலாக அமைந்தது. குளிர்ந்த மலையுச்சிகளில் மட்டும் வாழும் உயிர்களுக்கோ கடக்கவியலாத அகழியாயிற்று.

கணவாய்க்கு வடக்கே நீலகிரி முதலிய மலைகளில் வாழும் சோலைக்கிளியை ஜெர்டன் 1844-இல் விவரித்தார். தெற்கே பழனிமலைப் பறவையைப் பிளான்ஃபோர்டு 1868-இல் தனியாக விவரித்தார். வடபகுதிப் பறவையின் விலாப்பகுதி செம்பழுப்பாக இருக்கும். தென்பகுதிப் பறவைக்கு அது இல்லை. பிற்காலத்தில் இரண்டும் ஒரே இனமாகக் கருதப்பட்டன. இமயமலைப் பக்கத்துப் பறவைகளின் பேரினங்களில் மாற்றி மாற்றிச் சேர்க்கப்பட்டன. அண்மைக்கால மரபணு ஆய்வுகளே இக்குழப்பத்தைத் தீர்த்தன. வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலானோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இவை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தனித்து வளர்ந்த ஒரு கிளை என்று நிறுவியது. புதிய பேரினத்திற்குச் 'சோலிகோலா', அதாவது சோலையில் உறைவது, எனப் பெயரிடப்பட்டது. கணவாய்க்கு வடக்கே ஒன்று, ஆனைமலை, பழனிமலை, மூணாறு உயர்மலைகளில் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் ஒன்று என இன்று மூன்று பிரிவுகள் அறியப்பட்டுள்ளன. உலகில் வேறெங்கும் இவை இல்லை. நீலகிரி இனம் அழியும் நிலையில் உள்ளது எனவும், வெண்வயிற்று இனம் அழிவாய்ப்புக்கு உட்பட்டது எனவும் பன்னாட்டுச் செம்பட்டியலில் வகைப்படுத்தப்பட்டுள்ளன.

இதில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கணவாய்கள் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்த பிரிவினையை, நமது நிலப் பயன்பாடு நூற்றைம்பது ஆண்டுகளில் சிறு அளவில் மீண்டும் செய்துகொண்டிருக்கிறது. ஒரே மலையின் சோலைகளுக்கிடையே தோட்டங்களும் ஊர்களும் தோன்றியதன் தாக்கம் இப்பறவைகளின் மரபணுக்களில் ஏற்கெனவே காணப்படுகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. முன்பு பிரிந்தவை புதிய இனங்களாக வளரக் காலம் இருந்தது. இன்று பிரிபவற்றுக்கு அக்கால வாய்ப்பு இல்லை.

மலைநிலம் மாறிய வரலாறு

இயற்கை நிலையில் இவ்வுயர்மலைகளின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் சோலை, மேடுகளில் புல்வெளி. இரண்டும் சேர்ந்தே ஒரு நீர்ப்பிடிப்பு நிலமாகச் செயற்படுகின்றன.

மூணாறுப் பகுதியில் தேயிலை 1880-ஆம் ஆண்டளவில் நடப்பட்டது. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளின் உழைப்பால் அது பெருந்தொழிலாயிற்று. தேயிலை உலர்த்த விறகு வேண்டியிருந்ததால் தைலமரத் தோப்புகள் எழுந்தன. பழனிமலையிலும் நீலகிரியிலும் தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் எனப்படும் சீகை மரமும், மரக்கூழுக்காகத் தைலமரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. தெற்கே ஏலமலையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஏலத்திற்கு நிழல் தேவை. ஆகவே உயர்ந்த மரங்கள் விடப்பட்டு, அடிக்காடு மட்டும் அகற்றப்பட்டது. பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதியில் காட்டுநிலம் குத்தகையில் காப்பி, ஏலம், ஆரஞ்சுத் தோட்டங்களாயிற்று.

இவற்றைத் தனியார் ஆசை என்று மட்டும் கூறிவிட இயலாது. 1952-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, நாட்டுப் பரப்பில் மூன்றிலொரு பங்கும் மலைப்பகுதிகளில் 60 விழுக்காடும் காடாக இருத்தல் வேண்டும் என்றது. மரமற்ற புல்வெளி 'வெற்று நிலம்' எனக் கருதப்பட்டது. அதில் மரம் நடுவது இலக்கை எய்துவதாகவும், தொழிலுக்கு மூலப்பொருள் தருவதாகவும் அமைந்தது. 1988-ஆம் ஆண்டுக் கொள்கையே சுற்றுச்சூழல் நிலைபேற்றை முதன்மை நோக்கமாக்கி, நேரடிப் பொருளாதாரப் பயனை அதற்கு அடுத்த நிலையில் வைத்தது. பழனிமலையைச் செயற்கைக்கோள் படங்கள் வழியாக ஆராய்ந்து 2018-இல் வெளியான கட்டுரை, நாற்பதாண்டுகளில் அங்குள்ள மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று காட்டியது.

என் அனுபவம் ஒன்றை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், காடு வளர்ப்புத் திட்டங்களின் முன்னேற்ற அறிக்கைகளைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. நட்ட கன்றுகள், பரப்பு, பிழைத்தவற்றின் விழுக்காடு என மூன்று பத்திகள். இலக்குக்கு மேல் எய்தியிருந்தால் மனநிறைவுடன் கையொப்பமிடுவேன். நட்ட இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதற்குப் பத்தி இல்லை, நானும் கேட்டதில்லை.

கணக்கில் வராத தரை

இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் ஈராண்டுக்கொருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது 'வனப்பரப்பு' ஆகும். நிலம் யாருடையது, மரம் எவ்வகையினது என்பன இவ்வரையறையில் கருதப்படுவதில்லை. கவிகை 70 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்ந்தது, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்வு, 10 முதல் 40 வரை திறந்த காடு எனப் பிரிக்கப்படும். இவ்வரையறையை நிறுவனம் வெளிப்படையாகவே கூறுகிறது. நாடு முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்க இது பயன்படுகிறது. 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி கேரளத்தின் வனப்பரப்பு 21,253 சதுர கி.மீ.; அதாவது மாநிலப் பரப்பில் 54.7 விழுக்காடு. சட்டப்படி காடாகப் பதிவு பெற்ற நிலமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரப்பர், தென்னை முதலிய தோட்டங்களின் கவிகையும் வனப்பரப்பில் சேர்வதே இவ்வேறுபாட்டிற்கு முக்கிய காரணம்.

மாணவர்கள் எளிதில் உணரும் பொருட்டு மூன்று ஹெக்டேர் நிலங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, பாம்பாடும் சோலையில் ஒரு ஹெக்டேர். இரண்டாவது, ஏலத் தோட்டத்தில் ஒரு ஹெக்டேர். மூன்றாவது, நன்கு வளர்ந்த தைலமரத் தோப்பில் ஒரு ஹெக்டேர். மூன்றும் வனப்பரப்பில் சேரும். ஒரே அடர்வு வகுப்பிலும் சேரக்கூடும். சோலைக்கிளியின் கணக்கு வேறு. முதலாவதில் அது இரை தேடிக் கூடமைக்கும். இரண்டாவதில் தலைக்கு மேல் காடு இருந்தாலும் காலுக்குக் கீழே காடு இல்லை, பூச்சிமருந்தும் தெளிக்கப்படுகிறது. மூன்றாவதில் எண்ணெய்ப்பசையுள்ள இலைகள் உதிர்ந்த உலர்ந்த தரையே பெரும்பாலும் காணப்படும். நான்காவதாக ஒரு ஹெக்டேர் இயற்கைப் புல்வெளியைச் சேர்த்தால், அது வனப்பரப்பில் இடம்பெறவே இடம்பெறாது. அதில் சீகை பரவினால் மட்டும் கணக்கில் 'காடு' கூடும்.

பொருளியல் மொழியில் கூறினால், நாம் இருப்பின் அளவைப் பதிந்து, அதன் தரத்தைப் பதியாமல் விடுகிறோம். காட்டுநிலம் பிற பயன்பாட்டிற்கு மாற்றப்படும்போது செலுத்த வேண்டிய நிகர இன்றைய மதிப்பிலும் இச்சிக்கல் உண்டு. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வீதங்கள் ஹெக்டேருக்கு ரூ.4.38 லட்சம் முதல் ரூ.10.43 லட்சம் வரை இருந்தன. 2022-இல் அவை உயர்த்தப்பட்டன. காட்டின் வகையும் கவிகை அடர்வுமே வீதத்திற்கு அடிப்படை. பல நூற்றாண்டுகளில் உருவான இலைமட்கிற்கும், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனத்திற்கும் தனியான இடம் இல்லை. மீண்டும் உண்டாக்க இயலாத பொருளுக்கு மாற்றுச் செலவு என்னும் அளவுகோல் பொருந்தாது என்பது பொருளியலின் பாலபாடம்.

நீரின் சான்று

ஒரு பறவைக்காக இவ்வளவு கவலை தேவையா எனக் கேட்போருக்கு நீர்க்கணக்கு விடை தரும். நீலகிரியின் கிளென்மார்கனில், மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இரு நீர்ப்பிடிப்பு நிலங்களை ஒப்பிட்டனர். ஒன்று இயற்கை நிலையில் விடப்பட்டது. மற்றதன் ஒரு பகுதியில் தைலமரம் வளர்க்கப்பட்டது. முதற்சுற்றுப் பத்தாண்டுகளில் தைலமர நிலத்தின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய பின் தழைத்த இரண்டாம் சுற்றில் இழப்பு ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. கோடைக்கால ஓட்டமே பெரிதும் பாதிக்கப்பட்டது.

இது எல்லை கடந்த செய்தி. ஆனமுடிப் பக்கத்திலிருந்து கிழக்கே பாயும் பாம்பாறு, மறையூர் வழியாகச் சென்று, சின்னாறுடன் கூடி, தமிழ்நாட்டில் அமராவதியாகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் கேரளத்திற்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுப் படுகைக்கு 3 டி.எம்.சி. குறிக்கப்பட்டது. நீரைப் பங்கிடுவதில் நாம் செலவிடும் கவனத்தில் ஒரு பகுதியையேனும், அந்நீர் ஊறும் சோலைத் தரைக்கும் புல்வெளிக்கும் செலுத்தியிருக்கிறோமா என்று சிந்திக்க வேண்டும். ஈரம் காக்கும் தரையே சோலைக்கிளியின் உணவுக்களம். ஓடை வற்றுவதற்கு முன்பே அக்களம் சுருங்கத் தொடங்குகிறது.

உழவரின் நிலை

வட்டவடையில் உருளைக்கிழங்கு, பூண்டு, காய்கறிகள் விளைகின்றன. அப்படிகட்டு வயல்களிலும் 'கிராண்டிஸ்' என மக்கள் அழைக்கும் தைலமரம் புகுந்தது. அலுவல் தொடர்பாக அங்குச் சென்றிருந்தபோது முதியவர் ஒருவர் தம் தோப்பைக் காட்டி, "காய்கறிக்கு விலை கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது; ஆள் கிடைக்கிறதில்லை; பன்றி தோண்டிப் போடுது. மரம் தானா வளருது. ஊற்றுத்தான் வத்திப்போச்சுங்க ஐயா" என்றார்.

அவருடைய முடிவு பகுத்தறிவுக்கு உகந்ததே. மரத்தின் விலை அவரைச் சேருகிறது. ஊற்று வற்றியதன் இழப்பு ஊரெங்கும், கீழ்ப்படுகையெங்கும் பரவுகிறது. இதையே புறவிளைவு என்கிறோம். தனியார் கணக்கும் சமுதாயக் கணக்கும் வேறுபடும்போது, குறை தனிமனிதனிடம் அன்று, இரண்டையும் இணைக்காத ஏற்பாட்டிடம் உள்ளது. ஆகவே காக்கும் சுமையை மட்டும் மலைவாழ் உழவர், முதுவர் முதலான பழங்குடியினர், தோட்டத் தொழிலாளர் ஆகியோர் மீது ஏற்றுவது நீதியாகாது.

முன்னுதாரணங்கள் நம்மிடமே உள்ளன. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டம் அமைக்க 1973-இல் திட்டக்குழு இசைவளித்தது. நீண்ட விவாதத்திற்குப் பின் 1983-இல் அது கைவிடப்பட்டு, 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இடுக்கியில், தோட்ட அதிகாரிகளின் வேட்டைக்களமாயிருந்த இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. அங்கே சிங்கவால் குரங்கும் இங்கே வரையாடும் மக்கள் கருத்தைத் திரட்ட உதவின. அண்மையில், ஆனமுடிச் சோலைத் தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் 2019-ஆம் ஆண்டுத் தீக்குப் பின், சீகை அகன்ற நிலத்தில் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் இயற்கைப் புல் நடப்பட்டது. மீட்புப் பணியும் கூலி தரும் வேலையே என்பதற்கு இது சான்று.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மாவட்டப் புள்ளிவிவர ஏடுகளில் சோலை, இயற்கைப் புல்வெளி, அயல்மரத் தோப்பு, நிழல்மரத் தோட்டம் ஆகியவற்றைத் தனித்தனி வரிசையாகக் காட்ட வேண்டும். இதற்குப் புதிய நிதி தேவையில்லை. படிவம் மாறினால் போதும்.

இரண்டாவதாக, வனச்செயல் திட்டங்களில் இலைமட்கின் ஆழம், அடிக்காட்டின் நிலை, தரைவாழ் பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்த கால இடைவெளியில் பதிய வேண்டும். சோலைக்கிளியைக் காண்பது அரிது. ஆனால் குரலைக் கேட்டு எண்ணலாம். சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் நடத்திய கணக்கெடுப்பு நமக்கு அடித்தளமாக உள்ளது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து கேரளப் பறவை நிலவரைபடத்தை உருவாக்கினர். பாலக்காடு, சித்தூர், மூணாறு முதலிய ஊர்களின் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், விடியலிலும் அந்தியிலும் கேட்டு எழுதிவந்தால், பத்தாண்டுகளில் எந்த அலுவலகத்திலும் இல்லாத தகவல் தொகுப்பு உருவாகும்.

மூன்றாவதாக, ஈடுசெய் காடு வளர்ப்பு என்ற பெயரில் இயற்கைப் புல்வெளியில் மரம் நடுதல் கூடாது. 2016-ஆம் ஆண்டு ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டத்தின் கீழ்ச் சேரும் தொகை, பழைய சோலைகளை இணைக்கும் பணிக்கும் பயன்பட வேண்டும்.

நான்காவதாக, அயல்மரங்களை ஒரே மூச்சில் அகற்றுதலும் தவறாகலாம். சோலையை ஒட்டிய பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமே முளைத்து வளர்வதுண்டு. அத்தகைய இடங்களில் பொறுத்திருப்பதே சிக்கனம். புல்வெளியில் புதிதாகப் பரவுவதைப் பிடுங்குவதே முதற்கடமை.

ஐந்தாவதாக, தோப்பை நீக்கி நீரூற்றைக் காக்கும் உழவருக்குச் சில ஆண்டுகள் வருவாய் ஈடும், விளைபொருளுக்கு உறுதியான சந்தையும் வேண்டும். நீரால் பயன்பெறும் கீழ்ப்படுகையும் அச்செலவில் பங்கேற்பதே முறை.

முடிவுரை

ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம் 2017-உடன் முடிந்தது. இலக்குகளின் காலம் முடியவில்லை. இனியும் கன்றுகள் எண்ணப்படும், பரப்புகள் அறிக்கையாகும். அவ்வறிக்கையில் கையொப்பமிடப்போகும் இளம் அலுவலருக்கு இக்கட்டுரையாளனின் வேண்டுகோள் ஒன்றே. அந்த இடத்திற்கு ஒருமுறை மாலையில் செல்லுங்கள். மரங்களை அண்ணாந்து பார்த்தபின், குனிந்து ஒரு கைப்பிடி இலைமட்கை அள்ளிப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு, இருட்டும்வரை பேசாமல் நில்லுங்கள். சோலைக்கிளி பாடினால், நீங்கள் நிற்பது காடு. பாடாவிட்டால், மறுநாளும் சென்று கேளுங்கள். பல நாள் கேட்டும் குரல் இல்லையெனில், கையொப்பமிடும் முன், அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஊரிலுள்ள முதியவரிடம் விசாரியுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுவே.